மூன்று கொப்பிகளும் ஒரே மேசைக்கு: கொள்கைப் பிரகடனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாதாரண தர வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அந்த வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், அதே பாடசாலைகளில் படித்து வெளியேறிய பழைய மாணவர்கள் ஆகிய நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பத்தாந்தரப் பிள்ளை வரலாற்றுக்கு ஒன்று, வணிகக் கல்விக்கு ஒன்று, சங்கீதத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் ஒப்படைகளுக்குப் பதிலாக, தன் ஊரைப் பற்றிய ஒரு கேள்வியை மூன்று பாடங்களின் துணையோடும் ஆராய்ந்து எழுதும் ஒரே ஒப்படை வரவேண்டும். மூன்று ஆசிரியர்களும் ஒன்றாக இருந்து அதற்குப் புள்ளியிட வேண்டும்.

சாதாரண தரத்தில் வரலாறு கட்டாயப் பாடம். வணிகக் கல்வியும் கணக்கீடும் ஒரு தொகுதியில் வருகிறது. கர்நாடக சங்கீதம் அழகியல் தொகுதியில் வருகிறது. மூன்றையும் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிறையப் பேர். முதற் பாடவேளையில் போர்த்துக்கேயர் வருகை 1505 என்று எழுதுகிறார்கள். இரண்டாவதில் பரீட்சை மீதி தயாரிக்கிறார்கள். மூன்றாவதில் இராக லட்சணம் ஒப்புவிக்கிறார்கள். மணி அடித்ததும் ஒரு கொப்பி மூடப்படுகிறது, அதோடு அந்த உலகமும் மூடப்படுகிறது. இதைப் பிள்ளையின் குறை என்று சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. கற்பிக்கும் நாங்கள்தான் மற்றைய வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்கிறோம்.

யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது என்றும், 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர் என்றும் வரலாற்று வகுப்பு சொல்கிறது. பங்கு, பங்குதாரர், பணிப்பாளர் சபை என்பவற்றை வணிகக் கல்வி கற்பிக்கிறது. கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் ஒரு கம்பனியார் என்பதை இந்த இரண்டு வகுப்புகளுமே பிள்ளைக்கு அழுத்திச் சொல்வதில்லை. 1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பங்குகள் அம்ஸ்டர்டாமில் கைமாறின. பதினேழு பணிப்பாளர்கள் அதை நடத்தினார்கள். 1658 முதல் ஆங்கிலேயர் வந்த 1795 வரை, 137 ஆண்டுகள், இந்தக் குடாநாடு ஒரு பங்குக் கம்பனியின் கையில் இருந்தது. ஐங்கோணமாக அவர்கள் எழுப்பிய மதில்கள் கம்பனியின் சொத்து. இங்கிருந்து ஏற்றி விற்ற யானைகள் கம்பனியின் வருமானம். நாங்கள் இன்றும் காணி உறுதி எழுதும்போது எதிர்கொள்ளும் தேசவழமைச் சட்டத்தை 1707இல் எழுத்தில் தொகுத்தவரும் கம்பனியின் உத்தியோகத்தர்தான். சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் அந்தத் தொகுப்பின் நிழல் எங்கள் மேல் விழுகிறது. கம்பனி என்றால் என்ன என்று இந்தக் கோட்டை வாசலில் வைத்துக் கேட்ட பிள்ளை வரைவிலக்கணத்தை மனனம் செய்யத் தேவையில்லை.

சங்கீதத்துக்கு இதில் என்ன இடம் என்று கேட்பவர்கள் உண்டு. சங்கீத வகுப்பில் பிள்ளை தோளில் சாய்த்து வாசிக்கும் வயலினையே பாருங்கள். அது ஐரோப்பிய வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது அதைக் கற்று, கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அவர்கள் குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் துபாஷி. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் வாசித்த மெட்டுகளில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் பிறந்தன. பிள்ளையின் வில் நரம்பில் படும் இடத்தில் வணிகமும் வரலாறும் ஏற்கெனவே இருக்கின்றன. நாங்கள் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. பிரித்து வைக்காமல் இருந்தாலே போதும்.

ஆனாலும் கோட்டையையும் வயலினையும்விட எங்களை அதிகம் உறுத்துவது வேறொன்று. காங்கேசன்துறையில் வசந்த கான சபாவை நடத்தியவர் நடிகமணி வி.வி. வைரமுத்து. அரிச்சந்திர மயான காண்டத்தை அவர் பாடி நடித்தபோது கோயில் வீதிகளில் விடியும்வரை சனம் கலையவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நாடக சபைகள் விட்டுச்சென்ற இசை நாடகம், அவர் குரலில் இந்த மண்ணின் கலையாகியது. அவர் 1989இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வலிகாமம் வடக்கே இடம்பெயர்ந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியும் ஓய்ந்தது. ஓர் ஊரின் பாட்டும் தொழிலும் குடியிருப்பும் ஓராண்டு இடைவெளியில் குலைந்துபோன கதை இது.

இதை எந்தப் பாடத்தில் எழுதுவது? அவர் பாடிய மெட்டுகள் எந்த இராகச் சாயலில் இருந்தன, சாஸ்திரிய வகுப்பில் கற்கும் அதே இராகத்திலிருந்து அவை எங்கே விலகின என்று சங்கீத ஆசிரியரால் பிள்ளைக்குப் பாடிக் காட்ட முடியும். ஓர் இரவு நாடகத்துக்கு உபயகாரர் எவ்வளவு கொடுத்தார், அச்சாரம் எவ்வளவு, ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் பங்கு எப்படிப் பிரிந்தது, உடுப்புக்கும் விளக்குக்கும் யார் செலவழித்தார்கள் என்று விசாரித்து ஒரு காசேடு எழுதவைக்க வணிக ஆசிரியரால் முடியும். யாருக்கு முன்வரிசை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்பதை வரலாற்று ஆசிரியர் கேட்கவைக்க வேண்டும். இங்கே சாதியைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக நாங்கள் சம்மதிக்க மாட்டோம். அவரை மேடையில் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவர்களோடு அதுவும் போய்விடும். இந்த இயக்கம் இப்போதே தொடங்குவதற்கு முதற் காரணம் அதுதான்.

பாடத்திட்டம் ஏற்கெனவே பாரமானது, நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் இதற்கு எங்கே நேரம் என்று கேட்கும் ஆசிரியர்கள் எங்கள் நண்பர்கள். அவர்களுக்கு எங்கள் பதில்: நாங்கள் எதையும் கூட்டவில்லை, குறைக்கிறோம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கென்று பிள்ளைகள் இன்றும் ஒப்படை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இணையத்திலிருந்து இறக்கி, கடையில் அச்செடுத்து, நிறப் படத்தோடு ஒட்டிக் கொடுப்பது. புள்ளி விழுந்ததும் அது பழைய கடதாசிக் கட்டுக்குள் போகிறது. மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்வதை நிறுத்தி, உண்மையாக ஒன்றைச் செய்யவிடுங்கள் என்கிறோம். தன் ஊர்க் கிழவரிடம் கேட்டு எழுதியதை எந்தக் கடையிலும் அச்செடுக்க முடியாது. அப்படி எழுதப்பட்டவை ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் பெயரிட்டு, ஆண்டிட்டு வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டுப் பிள்ளை அதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். “சங்கீதம் படிச்சு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்பதை நிறுத்துங்கள். ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையின் படத்தைச் சந்தியில் பதாகையாகக் கட்டுகிறோம். அந்த ஒன்பதில் சங்கீதமும் ஒன்று என்பதை ஏ வரும்வரை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். இணுவிலிலும் அளவெட்டியிலும் தவிலையும் நாதஸ்வரத்தையும் தலைமுறை தலைமுறையாக வாழ்வாதாரமாகக் கொண்ட குடும்பங்கள் உள்ள நாடு இது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாட்டு வித்துவான்கள் வியந்து கேட்டார்கள். அந்தக் குடும்பங்கள் திருவிழாக் காலத்து வருமானத்தில் ஆண்டு முழுவதையும் எப்படி ஓட்டினார்கள் என்பது, நாங்கள் அறிந்த வணிகப் பாடநூல் எதிலும் இல்லாத வணிகப் பாடம்.

1945இல் கன்னங்கரா பெற்றுத் தந்த இலவசக் கல்வியில் படித்து வந்தவர்கள் நாங்கள். இன்று அதே பிள்ளைகள் பின்னேரத்தில் காசு கட்டி ரியூசனுக்குப் போய் மாதிரி விடை வாங்கிவருகிறார்கள். நாங்கள் கேட்கும் ஒப்படைக்கு மாதிரி விடை கிடையாது. அதனால்தான் அதைக் கேட்கிறோம்.

முதல் ஒப்படைக்கு இடத்தையும் தெரிவுசெய்துவிட்டோம். யாழ்ப்பாண நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம். கூட்டுறவுத் தலைவர் வீரசிங்கத்தின் பெயரில் கூட்டுறவு இயக்கம் எழுப்பிய கட்டடம் அது. உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளான 1974 ஜனவரி 10 அன்று அதன் முன்னால் மக்கள் உயிரிழந்தார்கள். கச்சேரிகளும் அரங்கேற்றங்களும் அதன் மேடையில் இன்றும் நடக்கின்றன. அடுத்த தவணை தொடங்கும்போது, எங்களோடு சேரும் பாடசாலைகளின் பத்தாந்தரப் பிள்ளைகள் மூன்று பாட ஆசிரியர்களோடும் அங்கே போவார்கள்.

எங்களோடு சேர விரும்பும் ஆசிரியருக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். தனியாக வரக்கூடாது. தன் பாடசாலையில் வேறு பாடம் கற்பிக்கும் இன்னொருவரையாவது கூட்டிக்கொண்டு வரவேண்டும்.