மதில் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?



2020 ஆகஸ்டில் அமோனியம் நைட்ரேட் வெடித்துப் பெய்ரூட் துறைமுகம் சிதறிய பிறகுதான், சென்னை மணலி கிடங்கில் சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் வருடக்கணக்காகக் கிடப்பது இங்குள்ளவர்களுக்கே தெரியவந்தது. அதுவும் செய்தித்தாளைப் பார்த்து! 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லச் சொல்கின்றன அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள். ரசாயன விபத்துகளுக்கான 1996 விதிகளின்படி உள்ளூர் நெருக்கடிக் குழுவும் உண்டு. அது எப்போது கூடியது என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

சாலையில் போகும் டேங்கர் லாரி எவ்வளவோ மேல். பலகையில் 1005 என்று இருந்தால் உள்ளே அமோனியா என்று தீயணைப்பு வீரர் தள்ளி நின்றே கண்டுகொள்வார். மதில் சுவருக்குள் நிற்கும் தொட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது தெருவில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் அமெரிக்கா 1986-இல் கொண்டுவந்த சட்டப்படி, ஆலைகள் ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் ரசாயன இருப்புப் பட்டியலை உள்ளூர் தீயணைப்புத் துறைக்குத் தர வேண்டும். பொதுமக்களும் கேட்டுப் பெறலாம். செத்தது நம் ஜனம், பாடம் படித்தது அவர்கள்.

மணலி, எண்ணூர் ஆலைகளின் இருப்புப் பட்டியலை, எந்த வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்போடு, தமிழில், ரேஷன் கடை வாசலிலேயே ஒட்ட மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகர், எண்ணூர்