ஆறாவது கோர்ட்டையும் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் மூன்றாம் பிரிவு ஆண்கள் டென்னிஸில் வசந்தகால ஆட்டங்கள் நெருங்கினாலே எல்லோர் பேச்சும் முதல்நிலை ஆட்டக்காரரைச் சுற்றித்தான். அது போதாது என்பேன். ஓர் அணி மோதலில் மூன்று இரட்டையர், ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். முதலாமவர் வென்றாலும் ஆறாமவர் வென்றாலும் அணிக்குக் கிடைப்பது ஒரே புள்ளி. குளிர் ஊர் அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 2016-இல் மிடில்பரி கல்லூரியை வீழ்த்தி, மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரி முதல்முறையாக இந்தப் பிரிவின் அணிப் பட்டம் வென்றது. பனி விலகும்வரை உள்ளரங்கிலேயே பயிற்சி எடுக்கும் அணி அது. அப்படிப்பட்ட அணிகள் மார்ச்சில் கலிபோர்னியா வெயிலுக்கும் காற்றுக்கும் வரும்போது, கடைசி இரண்டு ஒற்றையர்கள் தாக்குப்பிடிக்கிறார்களா என்று கவனியுங்கள். அணியின் ஆழம் அங்கேதான் தெரியும். இந்தப் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. ஆறாமவர் ஆடும் ஓரத்துக் கோர்ட்டில் கோட்டு நடுவர்கூட இல்லை. பந்து வெளியே விழுந்தால் விரலை உயர்த்தி ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். கைதட்ட ஆளில்லாத அந்தக் கோர்ட்டில், மூன்றாவது செட்டிலும் நேர்மையாக ஆடுகிற பையன்தான் பட்டத்தைத் தீர்மானிப்பான். அவனையும் கணக்கில் எடுக்காத கணிப்பு அரைகுறைக் கணிப்புதான்.