ஸ்டென்ட் வைக்கும் முன் காரணத்தை எழுதுங்கள்

ஆஞ்சியோகிராம் அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தை உள்ளே அழைக்கிறார்கள். திரையில் இதயத்தின் ரத்தக் குழாய்கள் கறுப்பு வெள்ளையில் துடிக்கின்றன. ஓரிடத்தில் குழாய் நூலாக மெலிந்து தெரிகிறது. “80 பர்சென்ட் பிளாக். இப்பவே ஸ்டென்ட் வெச்சுட்டா நல்லது. எப்ப வேணும்னாலும் அட்டாக் வரலாம்” என்கிறார்கள். நோயாளி மேசையில்தான் படுத்திருக்கிறார். மணிக்கட்டு வழியே செலுத்திய குழலை இன்னும் எடுக்கவில்லை. மகன் கையெழுத்துப் போடுகிறார். அந்த நிலையில் வேறு என்ன செய்ய முடியும்?

படுத்திருப்பவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் அந்தக் கையெழுத்து உயிர் காக்கும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால், மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்று நடந்து வந்தவரும், முழு உடல் பரிசோதனையில் டிரெட்மில் சோதனை சரியில்லை என்று அனுப்பப்பட்டவரும் அதே மேசையில்தான் படுக்கிறார்கள். அதே பயத்தில்தான் அவர்கள் வீட்டாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு, ஸ்டென்ட் வைத்துவிட்டால் மாரடைப்பு வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லும் கடமை மருத்துவமனைகளுக்கு உண்டு. சொல்ல வைக்கும் கடமை அரசுக்கு உண்டு.

தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்வதைப் போலத்தான் மாரடைப்பு வருகிறது என்று பலரும் நினைக்கிறோம். 50, 70, 90 என்று ஏறிக்கொண்டே போய், 100 ஆனதும் இதயம் நிற்கும் என்பது இந்தக் கணக்கு. உண்மையில் நடப்பது வேறு. கொழுப்புப் படிவு ரத்தக் குழாயின் சுவருக்குள்ளே வளர்கிறது. அதன் மேல் ஒரு மெல்லிய நார்த்திசு மூடியிருக்கும். அழற்சியால் அந்த மூடி நைந்து ஒருநாள் கிழிகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பின் மீது ரத்தம் பட்டதும் அங்கே உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் அடைபடலாம். மாரடைப்பு வந்த நான்கு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்த அமெரிக்க மருத்துவர் டிவுட்டின் குழு, 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்ததை 1980இல் வெளியிட்டது. ரத்த உறைவுதான் மாரடைப்பை உண்டாக்குகிறதா என்று அதுவரை நீடித்த சர்ச்சையை அந்த ஆய்வு ஏறக்குறைய முடித்துவைத்தது.

அப்படியானால் உறைவதற்கு முன்பு அந்த இடம் எவ்வளவு சுருங்கியிருந்தது? 1988இல் லிட்டில் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதற்கு விடை தேடினார்கள். ஏதோ காரணத்துக்காக முன்பே ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டு, பின்னாளில் மாரடைப்புக்கு ஆளானவர்களின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். குழாய் புதிதாக அடைபட்டிருந்த 29 பேரில் 19 பேருக்கு, அதே குழாயின் சுருக்கம் முந்தைய படத்தில் 50 சதவீதத்துக்கும் குறைவு. 28 பேருக்கு 70 சதவீதத்துக்கும் குறைவு. “பெரிய பிளாக் ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள்” என்று சொல்லி அனுப்பக்கூடிய இடங்கள்தாம் அவை. சிறிய ஆய்வுதான். ஆனால், 697 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ‘பிராஸ்பெக்ட்’ ஆய்விலும், பின்னாளில் தொல்லை கொடுத்த புதிய இடங்கள் தொடக்கத்தில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவே சுருங்கியிருந்தன.

பெரிய அடைப்பு ஆபத்தில்லாதது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தனியாக எடுத்துப் பார்த்தால், 90 சதவீதம் சுருங்கிய இடம் முழுதாக அடைபடும் வாய்ப்பு, 30 சதவீத இடத்துக்கு உள்ளதைவிட அதிகம். ஆனால் ஒரே ஒரு 90 இருக்கும் இதயத்தில் சிறு படிவுகள் பல இடங்களில் பரவிக் கிடக்கும். அவற்றில் எது கிழியும் என்று படம் சொல்லாது. ஸ்டென்ட் ஓரிடத்தைச் சரிசெய்யும். நோய் இருப்பதோ குழாய் நெடுகிலும்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் மறைந்தபோது, இதயத்தின் முக்கியக் குழாயில் 100 சதவீத அடைப்பு என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு அடைப்பை வைத்துக்கொண்டு முந்தைய நாள்வரை எப்படி நடமாடினார் என்று தமிழ்நாடே கேட்டது. 100 என்பது மாரடைப்பு வந்த நேரத்தின் அளவு என்பதை அன்று யாராவது பொறுமையாக விளக்கியிருக்கலாம். விளக்கம் கிடைக்காத மக்கள், ‘பிளாக் செக்கப்’ விளம்பரங்களை நோக்கி ஓடினார்கள்.

மாரடைப்பு இல்லாத, நிலையான நெஞ்சுவலி நோயாளிகளுக்கு ஸ்டென்ட் உயிர் காக்கிறதா என்பதை மருத்துவ உலகம் பலமுறை சோதித்துவிட்டது. 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில் 2,287 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து மட்டும். மற்றவர்களுக்கு மருந்தோடு ஸ்டென்ட் சிகிச்சையும். நான்கரை ஆண்டுகளில் மரணமோ மாரடைப்போ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 19 சதவீதம், மருந்துப் பிரிவில் 18.5 சதவீதம். ஸ்டென்ட்டும் மருந்தும் அப்போது இன்றைய தரத்தில் இல்லை என்று வாதிட்டவர்களுக்கு 2020இல் ‘இஸ்கீமியா’ ஆய்வு பதில் சொன்னது. 37 நாடுகள், 5,179 நோயாளிகள். சோதனையில் ரத்த ஓட்டக் குறைவு கணிசமாகத் தெரிந்தவர்கள். அங்கும் மரண விகிதம் மாறவில்லை.

நெஞ்சுவலி குறைவது உண்மை. மருந்து எடுத்தும் வலி தாளாதவருக்கு ஸ்டென்ட் நல்ல சிகிச்சைதான். இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள், மூன்று குழாய்களும் பாதிக்கப்பட்டு இதயத்தின் வலு குன்றியவர்கள் ஆகியோர் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு பைபாஸோ ஸ்டென்ட்டோ அவசியமாகலாம். ஆகவே இந்தத் தலையங்கத்தைப் படித்துவிட்டு யாரும் தம் மருத்துவர் சொன்னதைக் கைவிட வேண்டாம். “இது அவசரமா? எனக்கு இது ஆயுளைக் கூட்டுமா, வலியைக் குறைக்குமா? மருந்தில் சமாளிக்க முடியுமா?” என்று கேட்கட்டும். அந்தக் கேள்விகளுக்கு மேசையில் படுத்தபடி விடை பெற முடியாது. எழுந்து உட்கார்ந்து, வீட்டாரோடு பேசி, தேவைப்பட்டால் இன்னொரு மருத்துவரைப் பார்க்க அவகாசம் வேண்டும்.

இன்னொரு கேடும் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் நோய் தீர்ந்துவிட்டதாக நம்புகிறார். கொழுப்பு மாத்திரையை, ‘ரிப்போர்ட் நார்மல்’ என்றதும் நிறுத்துகிறார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் சொல்லாமல் கொள்ளாமல் விடுகிறார்; அப்போது ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். ஸ்டாடின் மாத்திரை இதய நோயாளிகளின் மரணத்தை ஏறத்தாழ 30 சதவீதம் குறைப்பதை, 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய ஆய்வு 1994லேயே காட்டிவிட்டது. கிழிந்துவிடக்கூடிய அந்த மெல்லிய மூடியை எல்லா இடங்களிலும் ஒருசேர உறுதியாக்குவது இந்த மாத்திரையும், புகையிலையை விடுவதும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும்தான். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, சராசரியாக 53 வயதில் வருகிறது என்று ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு கண்டது. குடும்பத்தைத் தாங்கும் வயது அது.

உண்மையான அவசரத்திலோ நாம் கோட்டை விடுகிறோம். இந்திய மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ‘கிரியேட்’ பதிவேட்டின்படி, வலி தொடங்கி மருத்துவமனை சேர நடுமதிப்பாக 360 நிமிடங்கள் ஆகியிருந்தன. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, விடியட்டும் என்று படுத்த ஆறு மணி நேரம். இந்த இடைவெளியைக் குறைக்க முடியும் என்பதைத் தமிழ்நாடே நிரூபித்திருக்கிறது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு இணைத்து 2012 முதல் 2014 வரை இங்கே நடத்தப்பட்ட திட்டத்தில், ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்புகிறது. மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் இந்த உயிர்காப்பைப் பற்றி எத்தனை கிராமங்களுக்குத் தெரியும்?

ஸ்டென்ட்டின் விலைக்கு மத்திய அரசு 2017இல் கடிவாளம் போட்டது. மருந்து பூசியது ரூ.29,600 என்று வரம்பு வைத்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் விலையைக் கேட்ட அரசு, தேவையைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. எது தேவையான ஸ்டென்ட் என்று மருத்துவச் சங்கங்கள் 2009இல் வரையறை வகுத்து, மருத்துவமனைகளின் பதிவுகளை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கின. அவசரமில்லாதவர்களுக்கு வைத்ததில் பொருத்தமற்றவை எனக் கருதப்பட்டவை 2010இல் சுமார் 26 சதவீதம், 2014இல் 13.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மக்கள் பணத்தில் ஸ்டென்ட் சிகிச்சைக்குச் செலவு செய்கிறது. ஆகவே நிபந்தனை விதிக்கும் உரிமை அரசுக்கு இருக்கிறது. மாரடைப்பு நோயாளிக்கு எந்தக் கேள்வியும் வேண்டாம். பணம் தாமதமின்றிப் போகட்டும். மற்றவர்களுக்கு, என்ன அறிகுறி, என்னென்ன மருந்து எத்தனை வாரம் கொடுக்கப்பட்டது, ஸ்டென்ட் எதற்காக என்பதை மருத்துவர் தமிழில் எழுதி நோயாளியிடம் தர வேண்டும். ஆஞ்சியோகிராமுக்கும் ஸ்டென்ட்டுக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் அவகாசம் விட வேண்டும். இரண்டாவது முறை குழல் செலுத்துவது நோயாளிக்குச் சிரமம்தான், செலவும் கூடும். அந்தச் செலவைக் காப்பீடு ஏற்கட்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் மாரடைப்புக்கு எத்தனை, மற்றவர்களுக்கு எத்தனை ஸ்டென்ட் வைத்தது என்ற பட்டியலை ஆண்டுதோறும் சுகாதாரத் துறை வெளியிட வேண்டும். தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் இதே விவரங்களைக் கேட்கலாம். நேர்மையான இதய மருத்துவர்கள் இதற்கு அஞ்ச மாட்டார்கள்; “வைத்தே ஆக வேண்டும்” என்று உறவினர்கள் கொடுக்கும் நெருக்கடியிலிருந்து அவர்களுக்கும் இது விடுதலை தரும். வரும் மானியக் கோரிக்கை விவாதத்திலேயே சுகாதாரத் துறை அமைச்சர் இதை அறிவிக்க வேண்டும்.