வாங்கிய காருக்கு இரவல் மூளை

காசு கொடுத்துக் கார் வாங்கியவர் அதன் முழு உரிமையாளர் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். 2015 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் வேறுவிதமாக வாதிட்டது. வாகனத்தின் உரிமை வேறு, அதனுள் இயங்கும் மென்பொருளின் உரிமை வேறு என்றது. எனக்குத் தட்டச்சுப் பொறி விற்றவர், எழுத்துகள் மட்டும் இரவல் என்று சொன்னதில்லை.

என்ஜினுக்கு எரிபொருள் எவ்வளவு, தீப்பொறி எக்கணத்தில் என்று தீர்மானிப்பது அந்த மென்பொருள்தான். அதனைத் திருத்துவதற்கென விற்கப்படும் மென்பொருள்களும் முழுமையாக நமக்குச் சொந்தமாவதில்லை. எச்பி டியூனர்ஸில் 'கிரெடிட்' வாங்கிச் செலவிட்டுப் பெறும் அனுமதி, அந்தக் காரோடும் நமது இணைப்புக் கருவியோடும் பிணைந்தது. வேறு கார் வாங்கினால் மீண்டும் பணம். பழைய காரை வாங்கியவர் தமது கருவியால் திருத்த விரும்பினால் அவரும் கட்ட வேண்டும். உழைத்தவர் கூலி கேட்பதில் எனக்கு ஆட்சேபமில்லை; ஒரே காருக்கு இருமுறை கேட்பதுதான் உறுத்துகிறது. கொப் நிறுவனத்தின் அக்செஸ்போர்ட் கருவியை, பழைய காரிலிருந்து முறையாக நீக்கிவிட்டால், பொருந்தக்கூடிய வேறொரு காரில் பயன்படுத்தலாம். இது பரவாயில்லை.

2015 ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகர், வாகன உரிமையாளர் மென்பொருட் பூட்டைத் திறந்து பழுதுபார்க்கவும் சட்டத்துக்குட்பட்டுத் திருத்தவும் விலக்களித்தார். புகைக் கட்டுப்பாடு குலையுமென அதற்கு முன்னரே சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எதிர்த்திருந்தது. அச்சம் நியாயமானதே. ஆனால், அவ்வாண்டு செப்டெம்பரில் அம்பலமான புகை மோசடியைப் பூட்டிய மென்பொருளுக்குள் ஒளித்து வைத்தது வொல்க்ஸ்வாகன் நிறுவனம், கார் வாங்கியவரல்லர். அந்த விலக்கும் உரிமையாளரின் கைக்கு மட்டுமே. திறக்கத் தெரியாதவர் மெக்கானிக்கிடம் ஒப்படைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.