காலி வண்டியை ஒருமுறை எடை போடுங்கள்



பிக்கப் வண்டி வைத்துப் பிழைக்கும் நண்பர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "மைலேஜ் குறைந்துவிட்டது, மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது, இன்ஜினில் என்ன வேலை பார்க்கலாம்?" இன்ஜினைத் தொடுவதற்கு முன், வாடகை தராமல் உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும் எடையை இறக்கச் சொல்கிறேன்.

எடையைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஃபோர்டு நிறுவனம். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக அதிகம் விற்றுவந்த பிக்கப் வரிசை அவர்களுடையது. அப்படி ஓடிக்கொண்டிருந்த எஃப்-150 வண்டியின் கேபினையும் பின்தொட்டியையும் எஃகிலிருந்து அலுமினியக் கலவைக்கு மாற்றி, 2014 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் நிறுத்தினார்கள். சேஸிஸ் மட்டும் உறுதி கூடிய எஃகாகவே இருந்தது. குறைந்த எடை சில மாடல்களில் சுமார் 318 கிலோ வரை. உடம்பு இளைத்ததால் 2.7 லிட்டர் டர்போ இன்ஜினே பல வேலைகளுக்குப் போதுமானதாயிற்று. எடைக்குறைப்பின் அருமை இங்கேதான் இருக்கிறது. ஒரு இடத்தில் குறைத்தால், இன்ஜின், பிரேக் என்று அடுத்தடுத்த இடங்களிலும் சுமை தணிகிறது.

சும்மா கிடைத்த லாபமல்ல அது. பற்றவைப்புக்குப் பதிலாக ரிவெட்டும் பசையும் வந்தன. பட்டறைக்காரர்கள் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. 2016-ல் போட்டி நிறுவனமான செவர்லே, தன் எஃகுத் தொட்டியிலும் ஃபோர்டின் அலுமினியத் தொட்டியிலும் கான்கிரீட் கற்களை மேலிருந்து கொட்டி, அலுமினியம் கிழிந்ததை விளம்பரமாகவே எடுத்தது. விளம்பரம்தான் என்றாலும் அதில் நமக்குப் பாடம் உண்டு. கல், கம்பி, செங்கல் ஏற்றுகிறவர்கள் தரைத்தகட்டில் மெலிவு தேடக் கூடாது. காய்கறி, பால், துணி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அவ்வளவு கனமான தகடு எதற்கு?

வண்டியின் எடையில் 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 சதவீதம் கூடலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. நம் ஓட்டத்துக்கு இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காலி எடை 1,300 கிலோ, லோடோடு 2,500 கிலோ உள்ள வண்டியில் 100 கிலோவை இறக்கினால், லோடு அடிக்கும்போது அது வெறும் 4 சதவீதம். காலியாகத் திரும்பும்போது ஏறக்குறைய 8 சதவீதம். ஒருவழி வாடகை ஓட்டுகிறவருக்குத்தான் பலன் அதிகம். நின்று நின்று கிளம்பும் ஊர்ச்சாலையிலும் மலைப்பாதையிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நாற்கரச் சாலையில் வேகம் கூடக்கூட எடையைவிடக் காற்றே பெரிய எதிரி. அங்கே படபடக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதே நல்ல வைத்தியம்.

எங்கிருந்து 100 கிலோ என்கிறீர்களா? சீட்டுக்குப் பின்னாலும் தொட்டி மூலையிலும் பாருங்கள். மழையில் நனைந்து காயாத தார்ப்பாய், தேவைக்கு மேல் கயிறும் சங்கிலியும், பழைய பட்டைகள், தரைப்பலகைக்கு அடியில் தேங்கிய மணல், வயல் ஓட்டத்தில் சேஸிஸில் அப்பி இறுகிய களிமண். அழகுக்கென்று அடித்த ஆங்கிளும் கேபின் மேல் கேரியரும் வேறு. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி பம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை விதித்துவிட்டது. நடந்துபோகிறவர் மீது மோதினால் காயத்தை மோசமாக்கும் பொருள் அது. இன்றே கழற்றிவிடுங்கள்.

கழற்றக் கூடாதவையும் உண்டு. ஸ்டெப்னி, ஜாக்கி, பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள பாதுகாப்புக் கம்பிகள் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். எடை போகும், உயிரும் போகும். பாடியையே மாற்ற நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி இல்லாமல் பட்டறைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. ஆர்.சி. புக்கில் உள்ள மொத்த எடை வரம்பு மாறாது. எனவே காலி வண்டியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் நேர்மையாக ஏற்றக்கூடிய ஒரு கிலோ. ஓவர்லோடுக்கு 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். ஒரு மாத உழைப்பையே அது விழுங்கிவிடும்.

எனவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பக்கத்து எடைமேடையில் காலி வண்டியை ஏற்றி, நீங்கள் இறங்கி நின்று, ரசீது வாங்குங்கள். ஆர்.சி. புக்கில் உள்ள காலி எடையோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு கூடியிருந்தது, எதை இறக்கினீர்கள், மைலேஜ் எப்படி மாறியது என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கணக்கு இன்னொரு ஓட்டுநருக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்