புண் ஆறும் விதம்

 

சிவகாசி, சாத்தூர் பக்கத்து இல்லங்களில் மத்தாப்புப் பொறி பட்ட கையில் பற்பசையையோ மையையோ பூசும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. முதலில் செய்ய வேண்டியது, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுவதே.

பின்னர் ஆற்றுவது எது? அல்லாஹ் அதற்கான ஏற்பாட்டை உடலிலேயே வைத்துள்ளான். காயத்தில் உறையும் இரத்தத்தின் தட்டணுக்கள் ‘வளர்ச்சிக் காரணிகள்’ எனும் புரதங்களை வெளியிடுகின்றன. தோலின் செல்கள் பெருகிப் புண்ணை மூட அவை தூண்டுகின்றன. அவற்றுள் ஒன்றை ஸ்டான்லி கோஹன் கண்டெடுத்தது எங்கே தெரியுமா? சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில்! அதன் சாற்றைச் செலுத்தியபோது எலிக்குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறந்தன. 1986ஆம் ஆண்டு ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அப்புரதத்தின் மனித வகையை ஐதராபாத்தின் பாரத் பயோடெக் ‘ரீஜென்-டி’ என்னும் களிம்பாக்கியது. அதன் நிறுவனர் கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்துக்காரர். தீப்புண்ணுக்கும் சர்க்கரை நோயாளியின் ஆறாத காற்புண்ணுக்கும் மருத்துவர் எழுதித் தரும் மருந்து அது. சிறு சிராய்ப்புக்குச் சுத்தமே போதும்.

இன்னொன்று. நனையக்கூடாத புண்ணை ஒளூவுக்காகக் கட்டவிழ்த்துக் கழுவுவோரை அடிக்கடி காண்கிறேன். கட்டின்மேல் ஈரக்கையால் மஸஹு செய்யும் சலுகையை மார்க்கம் தந்திருக்க, ஏன் இந்தச் சிரமம்? விவரத்தை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.