அலர்ஜி மாத்திரை போட்டுவிட்டு டிராக்டர் ஓட்டலாமா?

கேள்வி: ''நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டும்போது, தூசியால் தும்மலும் உடம்பெல்லாம் அரிப்பும் வருகிறது. மருந்துக்கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்குகிறது. ஆனால், டிராக்டரில் உட்கார்ந்தாலே கண் சொருகுகிறது. என்ன செய்வது?''

- வாசகர், கூமாப்பட்டி, விருதுநகர் மாவட்டம்.

பதில்: கண் சொருகினால் டிராக்டரை நிறுத்தி இறங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் உடம்பில் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் வெளிப்படுகிறது. நரம்பிலும் ரத்தக்குழாயிலும் அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. அங்கே போய் அது உட்கார்ந்தால் தும்மல், மூக்கொழுகல், அரிப்பு, தடிப்பு வரும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, மாத்திரை அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான், தும்மல் முற்றிய பிறகு போடுவதைவிட முன்கூட்டியே போட்டால் பலன் அதிகம்.

தூக்கம் ஏன் வருகிறது? நம்மை விழிப்பாக வைத்திருக்க மூளைக்கும் ஹிஸ்டமின் தேவை. அவில், குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் நுழைந்து அதையும் தடுத்துவிடுகின்றன. செட்ரிசின் பிறகு வந்தது. ஆனாலும் சிலருக்குத் தூக்கம் தரும். லோரடடின், பெக்ஸோபெனடின் ஆகியவற்றில் இந்தத் தொல்லை குறைவு. 'நான் டிராக்டர் ஓட்டுபவன்' என்று மருத்துவரிடம் சொல்லி, உங்களுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள். புது மாத்திரையை முதல் தடவை வேலை இல்லாத நாளில் போட்டுப் பாருங்கள்.

பல சளி மாத்திரைகளிலும் குளோர்பெனிரமின் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். மாத்திரை போட்ட அன்று மது கூடவே கூடாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பழைய வகை மருந்துகளால் வாய் வறட்சி, மலச்சிக்கல், தடுமாற்றம் வரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு, பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் தவறு.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. தோப்பில் தேனீ, குளவி கொட்டிய பிறகு மூச்சுத்திணறல், நாக்கு வீக்கம், தலைசுற்றல் வந்தால், மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அப்போது காப்பாற்றுவது அட்ரினலின் ஊசிதான். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வைக்கோல் கட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். வேலை முடிந்ததும் குளித்துவிடுங்கள். உள்ளே போகும் தூசி குறைந்தால், மாத்திரையும் குறையும்.